மீன் மணக்காத வீடு

மன்னாரிலிருந்து பூநகரிக்குப் போகும் ஏ-32 வீதியில், திருக்கேதீஸ்வரத்தைத் தாண்டி, விடத்தல்தீவுக்கு முன்னால் வருகிறது பாப்பாமோட்டை. ஒரு பக்கம் கடலும் கண்டல் காடும், மறுபக்கம் வயல். இந்தக் கரையோர ஊர்களில் கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் எங்கே நிற்கிறோம் என்பதை மூக்கு சொல்லிவிடும். வாடிப் பக்கம் காயப்போட்ட நெத்தலி, களப்புச் சேறு, வெட்டிய வயலின் வைக்கோல், அடுப்பில் புளி கொதிக்கும் மீன் சட்டி என்று எல்லாம் மணத்தோடுதான் இருக்கின்றன. கொரோனா முதல் தடவையாக ஒரு வீட்டுக்குள் வந்தபோது பலருக்கு அதைக் காட்டிக்கொடுத்தது இந்த மணம் இல்லாமற்போனதுதான். தடிமன் என்று நினைத்திருந்தவர் சட்டியைத் திறந்து முகத்தைக் கொண்டுபோகிறார். ஆவி முகத்தில் படுகிறது, மணம் மட்டும் இல்லை. "மணம் குணம் ஒண்டும் தெரியேல்லை" என்கிறார். பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்கோ எல்லாம் மணக்கிறது.

ஒரே வீடு, ஒரே சட்டிச் சோறு, ஒரே கிருமி. அப்பாவுக்கு மூன்று நாள் காய்ச்சல், அம்மாவுக்கு மணம் போய்விட்டது, சின்னவனுக்கு ஒன்றுமே இல்லை, அம்மம்மாவை மட்டும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. இப்படி ஒரு வீட்டுக்குள்ளேயே நடந்ததைப் பலர் விதி என்று எடுத்துக்கொண்டார்கள். கடந்த சில ஆண்டுகளின் ஆய்வுகளைப் படித்தால், அந்த வேறுபாட்டின் பெரும்பகுதி மூக்குக்குள், முதல் இரண்டு மூன்று நாளில் தீர்மானமாகிவிடுகிறது என்று தெரிகிறது. தடிமன் பிடித்தால் துடைத்துவிட்டுப் போகும் இந்த உறுப்புக்குள் நடக்கும் வேலை மலைக்க வைப்பது.

மூக்குக்குள் போகும் முன் மீனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கரையை வைரசுக்கு முன்னால் தொட்டது பயம். 2020 ஒக்டோபரில் கொழும்புக்கு அருகே பேலியகொடை மீன் சந்தையில் பெரிய கொத்தணி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. நாட்டின் கரைகளிலிருந்து மீன் போய்ச் சேரும் மொத்தச் சந்தை அது. சந்தை மூடப்பட்டது, மீன் வாங்கவே சனம் பயந்தது. மீன் விலைப்படாமல் தேங்கியது. அடுத்த மாதம், கடற்றொழிலுக்கு முன்னர் பொறுப்பாக இருந்த அமைச்சர் திலீப் வெதஆராச்சி செய்தியாளர் முன்னால் பச்சை மீனைக் கடித்துத் தின்று காட்டினார். மீனின் உடலில் இந்த வைரஸ் வளர்வதில்லை. சந்தையில் அதைப் பரப்பியது நெருக்கமாக நின்று கூவி விற்ற மனிதரின் மூச்சு. கடலுக்குப் போய் வந்தவர்களின் உழைப்பு அந்த வாரங்களில் காரணமில்லாமல் வீணானதை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

மூச்சுத்தான் வழி என்பதை உலகம் ஏற்கக் காலம் எடுத்தது. 2020 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம், இது காற்றில் மிதந்து பரவும் நோய் இல்லை என்று அறிவித்தது. ஜூலையில் லிடியா மொரவ்ஸ்கா, டொனால்ட் மில்ட்டன் என்ற இரு விஞ்ஞானிகள் எழுதிய திறந்த கடிதத்துக்கு 239 பேர் ஆதரவளித்தார்கள். பேசும்போதும் பாடும்போதும் சும்மா மூச்சு விடும்போதும் வெளியேறும் மிகச் சிறிய துளிகள் நிலத்தில் விழாமல், மூடிய அறையில் நெடுநேரம் மிதக்கும் என்பது அவர்களின் வாதம். அதுவே பிறகு நிலைத்தது. மேசையைக் கழுவிக் களைத்த நாங்கள் யன்னலைத் திறந்திருக்க வேண்டும்.

ஆனால் வீட்டுக்குள் பரவும் என்பதற்கான முதல் உறுதியான சாட்சி அதற்கு முன்பே கிடைத்திருந்தது, அதுவும் ஒரு குடும்பத்திடமிருந்து. சீனாவின் சென்சென் நகரத்தைச் சேர்ந்த ஆறு பேர் 2019 டிசம்பர் 29 அன்று வூஹானுக்குப் போய் 2020 ஜனவரி 4 வரை தங்கினார்கள். அங்கே சந்தைக்கோ விலங்குகளுக்குப் பக்கத்திலோ ஒருவரும் போகவில்லை. இருவர் மட்டும் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார்கள். ஆறு பேரில் ஐவருக்குத் தொற்றியது. ஊரிலேயே இருந்த ஏழாவது ஆளுக்கும், திரும்பி வந்தவர்களோடு சில நாள் பழகிய பிறகு தொற்றியது. அறுபது வயதைத் தாண்டியவர்களின் நுரையீரல் கூடுதலாகப் பாதிக்கப்பட்டிருந்தது. பத்து வயதுப் பையனுக்கு எந்த அறிகுறியும் இல்லை, ஆனால் படம் எடுத்துப் பார்த்தபோது அவன் நுரையீரலிலும் நிழல் தெரிந்தது. ஏழு வயதுச் சிறுமி ஒருத்திதான் தப்பினாள். வூஹானில் இருந்த காலத்தின் பெரும்பகுதி அவள் முகக்கவசம் போட்டிருந்தாள் என்று தாய் சொன்னார். ஒரு பிள்ளையை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. இருந்தாலும் மருத்துவர்கள் அந்தச் சிறு தகவலையும் விடாமல் எழுதிவைத்தார்கள். ஹொங்கொங் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் அந்த அறிக்கை 'லான்செட்' இதழில் 2020 ஜனவரி 24 அன்று வந்தது. மூன்று நாள் கழித்து இலங்கையின் முதல் நோயாளி, ஒரு சீனச் சுற்றுலாப் பெண், கண்டறியப்பட்டார்.

பின்னால் தெரியவந்த எல்லாவற்றின் சாடையும் அந்த ஒரு குடும்பத்தில் இருக்கிறது: அறிகுறி இல்லாமல் தொற்றுவது, வயதுக்கு வயது மாறுவது, ஒருவர் தப்புவது. ஒரு வீட்டில் ஒருவருக்கு வந்தால் எல்லாருக்கும் வந்தே தீரும் என்ற எண்ணமும் பிழை. முதலாம் ஆண்டில், 54 ஆய்வுகளில் 77,758 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தபோது, வீட்டில் இருந்த மற்றவர்களில் 16.6 சதவீதத்தினருக்குத்தான் தொற்றியிருந்தது. கணவன் மனைவிக்கிடையில் மட்டும் 37.8 சதவீதம். பிறகு வந்த ஒமிக்ரோன் மிக வேகமானது, அதில் வீட்டார்க்குத் தொற்றும் அளவு 42.7 சதவீதமாக ஏறியது. அப்போதும் பாதிக்கு மேற்பட்டவர்கள் தப்பினார்கள்.

அப்படித் தப்பியதில் ஒரு பங்கு காற்றுக்கு உரியது. மன்னார் காற்றுக்குப் பெயர்போன இடம். 2020 டிசம்பரில், கொரோனாவுக்கு நடுவிலேயே, மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாடிகளோடு தம்பபவனி மின்நிலையம் திறக்கப்பட்டது. சோழகம் வீசும் நாளில் கதவு யன்னல் திறந்த வீட்டில் மூச்சுத்துளிகள் தங்க நேரமே கிடைக்காது. ஆனால் காய்ச்சல்காரர் படுத்த அறையை நாங்கள் என்ன செய்கிறோம்? குளிர் பிடிக்கும், நுளம்பு வரும் என்று எல்லாவற்றையும் சாத்திவிட்டு, பக்கத்திலேயே ஒருவர் பாயைப் போட்டுப் படுத்துக்கொள்கிறோம். அன்பால் செய்கிற காரியம் அது. வைரசுக்கும் அதைவிட வசதியான இடம் கிடைக்காது.

இனி மூக்கு. 2021இல் லண்டனில் ஒரு துணிச்சலான பரிசோதனை நடந்தது. தடுப்பூசி போடாத, முன்பு தொற்றாத, 18 முதல் 29 வயதுவரையான 36 தொண்டர்களின் மூக்கில் வைரஸ் கொண்ட ஒரு மிகச் சிறிய துளி விடப்பட்டது. ஒவ்வொருவரையும் தனி அறையில் வைத்து, நேரத்துக்கு நேரம் தொண்டையிலும் மூக்கிலும் மாதிரி எடுத்தார்கள். கணக்கில் எடுக்கப்பட்ட 34 பேரில் 18 பேருக்குத் தொற்றியது. ஏறத்தாழ இரண்டு நாளில் முதலில் தொண்டையில் வைரஸ் தெரிந்தது; பிறகு மூக்கில் தெரிந்து, அங்கே இன்னும் பெருகி, ஐந்தாம் நாள் அளவில் உச்சத்துக்குப் போனது. மிச்சம் 16 பேருக்கும் அதே துளிதான் போனது, இருந்தும் தொற்று நிலைக்கவில்லை.

ஏன் நிலைக்கவில்லை? அதே பரிசோதனையில் பங்குபற்றிய 16 பேரின் மூக்குக் கலங்களையும் குருதிக் கலங்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தவர்கள் 2024இல் விடையின் ஒரு பகுதியைச் சொன்னார்கள். வைரஸ் நுழைந்த கலம் இன்ரபெரோன் என்ற புரதத்தை வெளியே விட்டு அயல் கலங்களை எச்சரிக்கும். 1957இல் ஐசக்ஸ், லிண்டன்மன் என்ற இருவர் கண்டுபிடித்துப் பெயரிட்ட பொருள் இது. எச்சரிக்கை கிடைத்த கலங்கள் வைரஸ் வருமுன்பே தங்கள் உள் வேலைகளை நிறுத்திப் பூட்டிக்கொள்ளும். தொற்று வேகமாக அடங்கியவர்களின் மூக்குக்கு நோயெதிர்ப்புக் கலங்கள் விரைந்து வந்திருந்தன. தொற்று நிலைத்தவர்களிலோ ஒரு விசித்திரம்: வைரஸ் மூக்கில் இருக்க, எச்சரிக்கை முதலில் குருதியில் கேட்டது, மூக்கு பிந்தியே விழித்தது. அந்தத் தாமதத்துக்குள் வைரஸ் பெருகிவிட்டது. வேறொன்றும் தெரிந்தது. தொற்று நிலைக்காதவர்களில் எச்.எல்.ஏ-டி.கியூ.ஏ2 என்ற பரம்பரையலகு, துளி விடப்படும் முன்பே கூடுதலாக இயங்கிக்கொண்டிருந்தது.

சின்னவனுக்கு ஒன்றும் வராததற்கும் இதே வழியில் விளக்கம் வருகிறது. பெர்லினில் ஆய்வாளர்கள் பிள்ளைகளின் மூக்குக் கலங்களையும் பெரியவர்களின் மூக்குக் கலங்களையும் ஒப்பிட்டார்கள். வைரசை உணரும் புரதங்கள் பிள்ளைகளின் கலங்களில், எந்தத் தொற்றும் வருமுன்பே, கூடுதலாகத் தயார்நிலையில் இருந்தன. சுற்றிச் சுற்றித் தடிமன் பிடிக்கும் வயதில் மூக்கு எந்நேரமும் காவலில் இருக்கிறது. வயது போகப் போக அந்த வேகம் குறைகிறது. மூக்கில் தடைப்படாத வைரஸ் கீழே இறங்கும். இந்த வைரஸ் பற்றிப்பிடிக்கும் ஏ.சி.ஈ-2 என்ற வாங்கி மூக்கில்தான் அதிகம்; மூச்சுக்குழாய் வழியே நுரையீரலின் ஆழத்துக்குப் போகப் போகக் குறைகிறது. உறக்கத்தில் மூக்கும் தொண்டையும் சுரப்பது சிறிது சிறிதாக உள்ளே இறங்கும்போது வைரசும் கூடவே இறங்குகிறது என்பது வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்களின் கருத்து. அம்மம்மாவுக்கு முதல் வாரம் இலேசாக இருந்து இரண்டாம் வாரம் மூச்சு முட்டியது இந்த இறக்கத்தின் விளைவாக இருக்கலாம்.

மூக்கோடு நேரடித் தொடர்பு இல்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. நோய் கடுமையாகும் வாய்ப்பைக் கூட்டும் மூன்றாம் நிறமூர்த்தத்தின் ஒரு துண்டு நியண்டர்தால் மனிதரிடமிருந்து வந்தது என்று ஹியூகோ செபெர்க்கும் ஸ்வாந்தே பேபோவும் 2020இல் காட்டினார்கள். ஐரோப்பியரில் ஏறத்தாழ 16 சதவீதத்தினரும் தெற்காசியரில் பாதிப்பேரும் அதைச் சுமக்கிறோம். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு கலப்பின் சுவடு, ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவரில் ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமற்போகலாம். வயதும் சலரோகமும் இதைவிடப் பெரிய ஆபத்துகள்தான். ஆனாலும் மன்னார் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கும் குரோவேசியக் குகையில் கிடந்த நியண்டர்தால் எலும்புக்கும் இப்படி ஒரு தொடர்பு இருப்பது என்னை வியப்பிலிருந்து விடுவதில்லை.

கொரோனாவுக்கு வேது பிடித்தோம், கொத்தமல்லி அவித்துக் குடித்தோம். வேது அடைத்த மூக்குக்குச் சுகம் தரும். கலத்துக்குள் புகுந்த வைரசை அது எட்டாது. கொதிநீர்ச் சட்டியைப் பிள்ளைகளுக்குக் கிட்ட வைப்பது ஆபத்தும்கூட. தடுப்பூசி வேறு வகையில் உதவியது. இலங்கையில் 2021 ஜனவரி இறுதியில் அது தொடங்கியது. தோளில் போடும் ஊசி குருதியில் பிறபொருளெதிரிகளை நிறைக்கும். நுரையீரலைக் காப்பவை அவை. மூக்கின் சளிப்படலத்தில் வேலை செய்யும் வேறொரு வகை பிறபொருளெதிரியை அது குறைவாகவே உண்டாக்கும். அதனால்தான் ஊசி போட்ட பல குடும்பங்களுக்கும் 2022இல் ஒமிக்ரோன் முதல் தொற்றாக வந்தது, வந்தும் பெரும்பாலோர் வீட்டிலேயே சுகமானார்கள்.

இப்போது அந்த மீன் சட்டிக்கு வரலாம். கடல் மீனின் தசையில் டிரைமெதிலமைன் ஒட்சைட்டு என்ற பொருள் இருக்கிறது. உப்பு நீரில் உடலின் நீரைச் சமநிலையில் வைத்திருக்கவும் புரதங்கள் குலையாமல் காக்கவும் அது மீனுக்கு வேண்டும். ஆழத்தில் வாழும் மீன்களில் அது இன்னும் கூட. அதற்கு மணம் இல்லை. மீன் செத்த பிறகு பற்றீரியா அதை உடைத்து டிரைமெதிலமைன் ஆக்கும்போதுதான் மீன் மணம் எழுகிறது. குளத்து மீன் இவ்வளவு மணக்காததற்கு அந்தப் பொருள் அதில் குறைவாக இருப்பது ஒரு காரணம். புளியும் தேசிக்காயும் அந்த மணத்தை அடக்குவது வெறும் கைப்பழக்கம் இல்லை. அமிலம் டிரைமெதிலமைனைப் பறக்க முடியாத உப்பாக மாற்றிவிடுகிறது. எங்கள் பாட்டிமார் கண்ட இரசாயனம் அது.

மூக்கின் உச்சியில், சில சதுரச் சென்ரிமீற்றர் மட்டுமே பரப்புள்ள படலத்தில், மணத்தை உணரும் நரம்புக்கலங்கள் பல மில்லியன் இருக்கின்றன. மனிதரில் மண வாங்கிகள் ஏறத்தாழ 400 வகை. ஒவ்வொரு நரம்புக்கலமும் அவற்றில் ஒன்றையே தேர்ந்தெடுத்துத் தாங்கும். லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸல் இருவரும் 1991இல் இந்தப் பரம்பரையலகுக் குடும்பத்தைக் கண்டுபிடித்து, 2004இல் நோபல் பரிசு பெற்றார்கள். டிரைமெதிலமைனை உணர, புறம்பான ஒரு சிறு வாங்கிக் குடும்பத்தில் ஒரு வாங்கி இருக்கிறது, பெயர் டி.ஏ.ஏ.ஆர்-5. மீன்பிடியால் வாழும் ஐஸ்லாந்தில் 2020இல் செய்த ஆய்வில், இந்த வாங்கியின் பரம்பரையலகில் சிறு மாற்றம் உள்ளவர்களுக்கு மீன் மணம் உறைக்கவில்லை, அருவருக்கவும் இல்லை. சிலர் அதை மீன் என்றே அடையாளம் காணவில்லை. ஒரு வீட்டில் ஒருவர் கருவாடு நாறுகிறது என்று முகம் சுளிக்க மற்றவர் வாசம் என்று ரசிப்பதில், பழக்கத்தோடு பிறப்புக்கும் பங்கு இருக்கலாம்.

கொரோனாவில் மணம் போகும்போது வைரஸ் இந்த நரம்புக்கலங்களைத்தான் கொல்கிறது என்றே எல்லோரும் முதலில் நினைத்தோம். 2020இல் ஹாவர்ட் மருத்துவக் கல்லூரியில் சந்தீப் ரொபேட் தத்தாவின் குழு, நரம்புக்கலங்களில் ஏ.சி.ஈ-2 வாங்கியே இல்லை என்று காட்டியது. அது இருப்பது அவற்றைச் சுற்றி நின்று தாங்கும் துணைக்கலங்களில். அடுத்த ஆண்டு பெல்ஜிய, ஜேர்மன் ஆய்வாளர்கள் கொரோனாவால் இறந்தவர்களின் மூக்கிலிருந்து, உயிர் பிரிந்த சிறிது நேரத்திலேயே இழையம் எடுத்துப் பார்த்து அதை உறுதிசெய்தார்கள். கப்புகளைப் பிடுங்கினால் கூரையில் ஓர் ஓலையும் கிழியாமலே வாடி சரிந்துவிடும். மூக்கில் நடந்ததும் அதுதான்.

சரிவு எவ்வளவு ஆழமானது என்பது 2022இல் தெரிந்தது. மண வாங்கிகளின் பரம்பரையலகுகள் பல நிறமூர்த்தங்களில் சிதறிக் கிடப்பவை. ஆனால் மண நரம்புக்கலத்தின் கருவுக்குள் அவை ஓரிடத்தில் வந்து திரண்டு, அந்தத் திரளிலிருந்துதான் கலம் தன் ஒரே வாங்கியைத் தெரிவுசெய்கிறது. நியூயோர்க்கில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் ஸ்ராவ்ரோஸ் லோம்வார்டாஸும் கூட்டாளிகளும் வெள்ளெலிகளிலும் இறந்த நோயாளிகளிலும் பார்த்தபோது, தொற்றாத நரம்புக்கலங்களின் கருவுக்குள்ளும் அந்தத் திரள் கலைந்திருந்தது. வைரஸ் உள்ளே போகவே இல்லை. அயலில் நடந்த அழிவின் இரசாயனச் செய்தி மட்டும் போய், நரம்புக்கலம் தன் வாங்கிகளைச் செய்வதைக் கைவிட்டுவிட்டது.

எல்லோருக்கும் இது நடப்பதில்லை. மணப்பொருள்களை உடைக்கும் நொதியங்களைத் தரும் இரு பரம்பரையலகுகளில் உள்ள வேறுபாடு, மணம் போகும் வாய்ப்பைச் சற்றுக் கூட்டுவதாக ஏறத்தாழ 70,000 பேரிடம் செய்த ஆய்வொன்று சொல்கிறது. வைரசின் வகையும் முக்கியம். பிரித்தானியாவில் டெல்டா வந்தவர்களில் 52.7 சதவீதத்தினர் மணம் இழந்தார்கள், ஒமிக்ரோனில் 16.7 சதவீதத்தினர் மட்டும்.

பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் மணம் திரும்புகிறது. உடலின் மற்ற நரம்புகளில் அரிதாகக் காணும் ஒரு வரம் மூக்குக்கு இருக்கிறது: படலத்தின் அடியில் உள்ள மூலக்கலங்கள் வாழ்நாள் முழுவதும் புதிய மண நரம்புக்கலங்களைப் பிறப்பிக்கின்றன. ஒவ்வொன்றும் தன் இழையை மண்டையோட்டின் சல்லடைபோன்ற எலும்பினூடாக மேலே அனுப்பி, மூளையில் தன் வாங்கிக்குரிய இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். இடம் பிழைத்தால் கோப்பி எரிந்த றப்பராகவும், வதக்கிய வெங்காயம் குப்பையாகவும் மணக்கும். இதை அனுபவித்த பலர் வெளியே சொல்லத் தயங்கினார்கள், சொன்னபோது வீட்டார் நம்பவில்லை. அது கற்பனை இல்லை, மூக்கு தன்னைத் திரும்பக் கட்டும்போது வரும் கட்டம். சிலருக்கு மாதக்கணக்கில் மணம் வராததற்கு வேறு காரணமும் கண்டார்கள்: வைரஸ் போன பிறகும் நோயெதிர்ப்புக் கலங்கள் அந்தப் படலத்தைவிட்டு விலகாமல் அழற்சியைத் தொடர்கின்றன.

ஜேர்மனியின் திறெஸ்டன் நகரில் தோமஸ் ஹும்மெல் 2009இல் வெளியிட்ட பயிற்சி இன்றும் மருத்துவர் சொல்லும் எளிய வழி. றோசா, யூக்கலிப்டஸ், எலுமிச்சை, கராம்பு ஆகிய நான்கு மணங்களைக் காலையும் மாலையும், ஒவ்வொன்றையும் சில விநாடி, அந்த மணத்தை நினைவில் கொண்டுவந்தபடி மூன்று மாதம் மணந்து பார்க்க வேண்டும். கராம்பும் தேசிக்காயும் எந்தக் குசினியிலும் இருக்கின்றன. அதற்குப் பிறகும் மணம் வராவிட்டால் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் போவது நல்லது. அதுவரைக்கும் அடுப்பில் வைத்ததைக் கவனிக்கவும், காஸ் கசிகிறதா என்று பார்க்கவும், வாங்கிவந்த மீன் பழையதா என்று மணந்து சொல்லவும், வீட்டில் மணம் தெரிகிற இன்னொருவரை விட வேண்டும். அந்த வீட்டின் சின்னவனே அதற்குப் போதும்.